சைக்கிளுக்கு வீட்டு டூல்ஸ்: எது கைகொடுக்கும், எது மரையைத் தின்னும்? (அனுபவப் பகிர்வு)

ஒத்தைச்செயின்:

பிளாஸ்டிக் பெட்டியில் 36 பீஸ், 44 பீஸ் என்று வருகிற சைக்கிள் டூல் கிட்டை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்காக இந்த இழை. வேண்டாம். பெட்டியில் பாதி உங்கள் வண்டிக்குப் பொருந்தவே பொருந்தாது. மிச்சப் பாதியில் அடிக்கடி கை போகிறது 4, 5 எம்எம் ஆலன் கீ (ஆறு பட்டை உள்ள எல் வடிவச் சாவி) இரண்டுக்கும்தான். மலிவு கிட்டில் அதுதான் மட்டமான இரும்பாக இருக்கும். நாலு தடவை இறுக்கினால் முனை உருண்டுவிடும். உருண்ட கீ அடுத்து போல்ட்டின் குழியையும் உருட்டும். கீ போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம் போல்ட் போனால் ட்ரில் போட்டுத்தான் எடுக்கணும்.

அதனால் முதலில் டூல் கடைக்குப் போகாமல் வண்டி முன்னால் உட்காருங்க. ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதுங்க. சக்கரம் நட்டில் நிற்கிறதா, லீவரை மடக்கித் திறக்கிற குயிக் ரிலீஸா? கிராங்க் (பெடல் மாட்டியிருக்கிற கை) நிற்பது காட்டர் பின்னிலா (குறுக்கே அடித்த ஆப்பு), சதுர முனை ஆக்ஸிலிலா, குழாய் ஆக்ஸிலிலா? பின்னால் இருக்கிற பல்சக்கரக் கூட்டம் ஃப்ரீவீலா, கேசட்டா? பிரேக் ரிம்மைப் பிடிக்கிறதா, டிஸ்க்கா, டிஸ்க் என்றால் கம்பியா ஆயிலா? வால்வ் எந்த வகை? இந்த ஐந்துக்கும் விடை தெரிந்தால் டூல் லிஸ்ட் தானாக வந்துவிடும்.

எல்லா கியர் வண்டிக்கும் பொதுவானது கொஞ்சம்தான். 2, 2.5, 3, 4, 5, 6, 8 எம்எம் ஆலன் கீ, டிஸ்க் தட்டுக்கு டி25 நட்சத்திர முனை, பெடலுக்கு நீளக் கைப்பிடி 15 எம்எம் ஸ்பேனர், டயர் லீவர் மூன்று, நின்று அடிக்கிற பம்பு, பஞ்சர் சாமான், செயின் பின் கழற்றுகிற டூல். அவ்வளவுதான். பாக்கி எல்லாம் அந்தந்த வேலை வரும்போது ஒவ்வொன்றாக வாங்கலாம்.

ஆலன் கீ வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் இஞ்சு அளவு கீயும் எம்எம் கீயும் ஒரே டப்பாவில் கிடக்கும். 3/16 இஞ்சு என்பது 4.76 எம்எம். 5 எம்எம் குழிக்குள் அது போகும், பிடித்த மாதிரியும் இருக்கும், அழுத்தினதும் வழுக்கும். கீயின் மேல் எம்எம் என்று பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்க. உருண்டை முனை உள்ள கீ, சாய்வாக விட்டு வேகமாகச் சுற்றுவதற்கு மட்டும். கடைசி இறுக்கு எப்போதும் நேர் முனையில். போல்ட் குழியில் மண் அடைந்திருந்தால் கீ பாதிதான் இறங்கும், அதனால் கோணி ஊசியால் சுரண்டிவிட்டுத்தான் கீயைப் போடணும். பாதி போல்ட் கெடுவது இந்த ஒரு சோம்பலால்தான்.

நாற்பதுகம்பி:

ஒத்தைச்செயின் அண்ணே சொன்னது கியர் வண்டிக்கு. ஊரில் இன்னும் ஓடுகிற 28 இஞ்சு கறுப்பு வண்டிக்கு ஆலன் கீயே தேவைப்படாது. முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி, காட்டர் பின் கிராங்க், கம்பிக்குப் பதில் இரும்பு ராடு பிரேக். அதற்கு வேண்டியது நல்ல ரிங் ஸ்பேனர் செட், ஒரு கிலோ சுத்தியல், செம்பு அல்லது பித்தளைத் துண்டு ஒன்று, குறடு, திருப்புளி, போக்ஸ் கம்பிச் சாவி.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை மட்டும் வாங்கிவிட்டு எல்லா நட்டையும் அதிலேயே திருகுகிறவர்கள் அதிகம். தாடை கொஞ்சம் ஆடினாலும் நட்டின் ஆறு மூலையும் மழுங்கிவிடும். பின் சக்கர நட்டு பெரும்பாலும் 15 எம்எம். பழைய வண்டியில் இஞ்சு அளவு நட்டும் வரும். பழைய நட்டு ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

காட்டர் பின் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நட்டை முழுசாகக் கழற்றிவிட்டு பின்னின் மரையிலேயே டொக்கு டொக்கென்று தட்டினால் மரை காளான் மாதிரி விரிந்துவிடும். அப்புறம் எந்தப் பக்கமும் வெளியே வராது. நட்டைப் பின்னின் முனையோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்க. கிராங்குக்குக் கீழே, பின்னை ஒட்டி, தரையிலிருந்து முட்டுக் கொடுங்க. பின்னின் தலை உள்ளே இறங்குகிற மாதிரி இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தினால் சரியாக இருக்கும். முட்டு இல்லாவிட்டால் அடி முழுக்க உள்ளே இருக்கிற கப்புக்கும் பால்ரஸுக்கும் (இரும்புக் குண்டுகள்) போய்ப் பள்ளம் விழும். பிறகு பித்தளைத் துண்டை வைத்து கனமான சுத்தியலால் ஒரே அடி. சின்ன சுத்தியலில் இருபது தட்டு தட்டுவதைவிட பெரிய சுத்தியலில் ஒரு அடி நல்லது. திரும்பப் போடும்போது இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போகணும். ஒரே திசையில் போட்டால் இரண்டு பெடலும் ஒரு நேர்க்கோட்டில் நிற்காது.

ஓவராயில் பண்ணும்போது, அதாவது முழுசாகக் கழற்றிப் பூட்டும்போது, பால்ரஸ் எண்ணிக்கை: முன் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்கூடு) பக்கத்துக்கு 10, அளவு 3/16 இஞ்சு. பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, அளவு 1/4 இஞ்சு. பெரும்பாலான ஹப்பில் இதுதான். கழற்றும்போதே எண்ணிக்கொள்ளுங்க, கீழே பழைய வேட்டி விரித்துக்கொள்ளுங்க. பழையதும் புதுசும் கலந்து போடக் கூடாது. பத்தில் ஒன்று நூலளவு பெரிசாக இருந்தாலும் முழுச் சுமையும் அதன் தலையில்தான்.

ஈசிஆர்க்காற்று:

பம்பு பற்றி யாரும் விரிவாகச் சொல்லலையே. வீட்டில் இருக்கிற டூல்களில் வாரம் ஒருமுறை கட்டாயம் கையில் எடுப்பது அதுதான். அளவுமானி வைத்த பம்பாக வாங்குங்க. தலையில் இரண்டு வாய் இருக்கணும், ஒன்று கார் வால்வ், இன்னொன்று மெலிந்த பிரெஸ்டா வால்வ். நம்ம ஊர் சாதாரண சைக்கிளின் வால் டியூப் போட்ட வால்வ் மூன்றாவது வகை. பிரெஸ்டா வாய் பெரும்பாலும் அதையும் பிடிக்கும். ஆனால் அளவுமானி காட்டுவது சரியாக இருக்காது. உள்ளே இருக்கிற ரப்பர் குழாயைத் தள்ளித் திறக்கிற அழுத்தமும் சேர்ந்தே முள்ளில் தெரியும், அதனால் டயரில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்த வண்டிக்குக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதே போதும்.

எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும். அதில் இருக்கிற பெரிய எண் உச்ச வரம்பு, அந்த அளவுக்கு அடித்தே ஆகணும் என்று இல்லை. டியூபில் பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியதன் அடையாளம். ஓட்டை டியூபின் உள்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கம் இருந்தால் முள்ளைத் தேடி டயரைத் தடவ வேண்டாம், ரிம் டேப் நகர்ந்து கம்பித் துளை குத்தியிருக்கும். பேட்ச் போட்டுவிட்டு டேப்பை மாற்றாமல் விட்டால் நாளைக்கே மறுபடி அதே இடம்.

பேட்ச் பிய்ந்து வருகிறது என்கிறவர்கள் பாதிப் பேர் சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டுகிறார்கள். உப்புத்தாளால் டியூபின் பளபளப்பு போகிற வரை தேய்த்து, பேட்ச்சைவிட அகலமாக மெல்லிய பூச்சு பூசி, ஐந்து நிமிஷம் காய விடணும். விரல் முதுகால் தொட்டால் ஒட்டணும், ஆனால் ஈரம் விரலில் வரக் கூடாது. அப்போது பேட்ச்சை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்கணும். ஒருமுறை திறந்த சொல்யூஷன் டியூப் பெட்டிக்குள்ளேயே காய்ந்துபோகும், அதனால் சின்னதாக இரண்டு வாங்கி ஒன்றைத் திறக்காமலே வையுங்க.

டயர் லீவர் பிளாஸ்டிக்கிலேயே கெட்டியாக வாங்குங்க. திருப்புளியை விட்டு நெம்பினால் ஒரு பஞ்சர் மூணாகும்.

பால்ரஸ்:

வீட்டில் வேலை பார்க்கிறவர் கையில் அதிகம் கெடுகிற பாகம் கிராங்க். காரணம், கிராங்கை ஆக்ஸிலிலிருந்து உருவுகிற கிராங்க் புல்லர்.

சதுர முனை ஆக்ஸில் கிராங்குக்கு நடுவில் 22 எம்எம் மரை இருக்கும். அலுமினிய மரை, மென்மையானது. போல்ட்டைக் கழற்றுங்க, போல்ட்டுக்கு அடியில் வாஷர் இருந்தால் அதையும் எடுங்க. வாஷர் உள்ளேயே கிடந்தால் புல்லர் ஆக்ஸிலைத் தள்ளாமல் வாஷரைத் தள்ளும், கிராங்க் மரை உருவிக்கொண்டு வரும். மரையைத் துணியால் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுங்க. புல்லரின் உள்தண்டை முழுக்கப் பின்னால் இழுத்துக்கொண்டு, வெளிக்கூட்டை விரலாலேயே சுற்றி உள்ளே இறக்குங்க. கோணலாக ஏறினால் முதல் சுற்றிலேயே கை சொல்லிவிடும், கழற்றி மறுபடி போடுங்க. விரலால் போகிற தூரம் போனதும் ஸ்பேனரால் கூட்டை அடி வரை இறக்கணும். நாலு மரை மட்டும் பிடித்த நிலையில் தண்டைத் திருகினால் அந்த நாலு மரைதான் முழு விசையையும் வாங்கும். அது உரிந்த பிறகு அந்தக் கிராங்கை எடுக்க ரம்பம்தான் வழி.

ஆக்டாலிங்க் மாதிரி குழாய் ஆக்ஸிலுக்குப் புல்லரின் முனை அகலமாக இருக்கணும், இல்லாவிட்டால் ஆக்ஸில் துளைக்குள்ளேயே போய்விடும். ஷிமானோவின் ஹாலோடெக் 2 வகைக் கிராங்குக்குப் புல்லரே வேண்டாம். இடப்பக்கக் கிராங்கின் இரண்டு 5 எம்எம் போல்ட்டைத் தளர்த்தி, பிளாஸ்டிக் மூடியை அதற்கான சின்ன டூலால் கழற்றினால் கையோடு வரும். திரும்பப் போடும்போது அந்த மூடியை விரல் பலத்துக்கு மட்டும் திருகணும். மூடியின் வேலை ஆட்டத்தை எடுப்பது, கிராங்கைப் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டு போல்ட். அதற்கு 12 முதல் 14 நியூட்டன் மீட்டர். இரண்டையும் மாறி மாறி இறுக்குங்க.

பிபி கப்பை (கிராங்க் ஆக்ஸில் சுற்றுகிற பேரிங்கின் கிண்ணம்) கழற்றும்போது எந்தப் பக்கம் எப்படிச் சுற்றுவது என்று குழப்பம் வரும். பிஎஸ்ஏ என்கிற வகை மரை உள்ள வண்டியில் செயின் பக்கக் கப் இடதுமரை. கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். மறுபக்கம் வழக்கமான மரை. பெடலில் இது தலைகீழ், இடது பெடல்தான் இடதுமரை. பெடல் கழற்றும்போது மேல்நோக்கி நிற்கிற ஸ்பேனர் கைப்பிடி பின்சக்கரப் பக்கம் திரும்பினால் இரண்டு பெடலும் கழலும். இதை ஒருமுறை மனசில் வைத்துக்கொண்டால் இடது வலது ஞாபகமே தேவையில்லை. பேரிங்கும் ஆக்ஸிலும் ஒரே கூடாக வருகிற கார்ட்ரிட்ஜ் பிபிக்கு 20 பல் டூல். அது வழுக்காமல் இருக்க, கிராங்க் போல்ட்டையும் பெரிய வாஷரையும் போட்டு டூலை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்க. கப் அசைந்ததும் போல்ட்டைத் தளர்த்திவிடணும்.

ஹப்பின் கோனை (பால்ரஸை அழுத்திப் பிடிக்கிற கூம்பு நட்டு) திருப்புகிற கோன் ஸ்பேனரைப் பெடலுக்குப் போடாதீங்க. அது ரெண்டு எம்எம் கனத் தகடு, ஒரே திருப்பில் வாய் விரிந்துவிடும். ஹப்பில் கோன், லாக் நட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கணும். முன்னால் பெரும்பாலும் 13 எம்எம், பின்னால் 15 எம்எம் கோன், லாக் நட்டு 17 எம்எம். குயிக் ரிலீஸ் ஹப் என்றால், கையில் பிடித்துப் பார்க்கும்போது நூலளவு ஆட்டம் இருக்கிற மாதிரி விடுங்க. லீவரை மூடும்போது ஆக்ஸில் அழுந்தி அந்த ஆட்டம் போய்விடும். கையிலேயே ஆட்டமில்லாமல் வைத்தால் வண்டியில் மாட்டியதும் சக்கரம் இறுகிச் சுற்றும்.

புதுமிதி:

பால்ரஸ் அண்ணே, என் வண்டியில் பின்னால் இருப்பது ஃப்ரீவீலா கேசட்டா என்றே தெரியவில்லை. கடையில் இரண்டுக்கும் டூல் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கு. எப்படிக் கண்டுபிடிப்பது?

பால்ரஸ்:

தம்பி, சக்கரத்தைக் கழற்றிக் கையில் பிடிச்சுக்கோ. பல்சக்கரக் கூட்டத்தைப் பின்னோக்கிச் சுத்து. நடுவில் டூல் மாட்டுகிற வரிப்பல்லை மட்டும் பார். பல்சக்கரத்தோடு சேர்ந்து அந்த வரிப்பல்லும் சுத்தினால் கேசட். வரிப்பல் அசையாமல் நிற்க, சுத்தி இருக்கிறது மட்டும் சுத்தினால் ஃப்ரீவீல்.

கேசட் என்றால், அதைப் பூட்டுகிற வளையத்தைக் கழற்ற லாக்ரிங் டூலும், பல்சக்கரம் சுத்தாமல் பிடிக்கச் செயின் விப்பும் வேணும். விப் இல்லாவிட்டால் பழைய செயின் ஒரு முழத்தை இரும்புப் பட்டையில் போல்ட் போட்டு நீயே செஞ்சுக்கலாம். கழலும்போது கட கட என்று சத்தம் வரும், பயப்படாதே, லாக்ரிங்கின் அடிப்பக்கம் வரிவரியாக இருப்பதால் வருகிற சத்தம் அது. ஃப்ரீவீலுக்கு விப் வேண்டாம். டூலை வரிப்பல்லில் மாட்டி, ஆக்ஸில் நட்டை மேலே லேசாகப் போட்டுக் கட்டி, டூலை பெஞ்ச் வைஸில் இறுக்கிச் சக்கரத்தை பஸ் ஸ்டீரிங் மாதிரி இடப்பக்கம் சுத்து. நீ மிதிக்க மிதிக்க இறுகினது அது, சும்மா ஸ்பேனரில் வராது. அசைஞ்சதும் நட்டைத் தளர்த்திடு, இல்லாவிட்டால் ஃப்ரீவீல் மேலே ஏறி ஏறி ஆக்ஸில் நட்டின் மரையைப் பிடுங்கும்.

ஒத்தைச்செயின்:

செயின் விஷயத்தையும் சேர்த்துவிடுகிறேன். தேய்மானம் பார்க்க தனி டூல் நல்லதுதான், ஆனால் இரும்பு ஸ்கேல் ஒன்று போதும். செயினின் ஒரு கண்ணிக்கு அரை இஞ்சு. ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், 12 இஞ்சு குறியில் இன்னொரு பின்னின் நடு சரியாக நிற்கணும். 1/16 இஞ்சு தள்ளிப்போயிருந்தால் அரை சதவீதத் தேய்மானம், 1/8 தள்ளினால் ஒரு சதவீதம். 11, 12 ஸ்பீடு கேசட்டுக்கு அரை சதவீதத்திலேயே மாற்றுங்க. ஒத்தைக் கியருக்கு ஒரு சதவீதம் வரை ஓட்டலாம். தாண்டினால் புதுச் செயின் பழைய பல்லில் குதிக்கும், கேசட்டும் சேர்த்து வாங்கணும்.

செயின் டூலில் மலிவானது வாங்கினால் தள்ளு ஊசி வளையும். ஊசி தனியாக மாற்றக் கூடிய டூலாகப் பாருங்க. ஒத்தைக் கியர் செயினில் கிளிப் போட்ட லாக் இருக்கும். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்கணும், திறந்த முனை முன்னால் வந்தால் ஏதாவது தட்டிக் கழன்றுவிடும்.

ஈசிஆர்க்காற்று:

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒன்று. துருவைக் கிளப்புகிற ஸ்பிரேயை செயின் ஆயிலாக நினைக்காதீங்க. அது கரைத்துக் கழுவும், மசகாக நிற்காது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, காய விட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. பத்து நிமிஷம் கழித்து வெளியே இருக்கிறதை முழுக்கத் துடைத்துவிடணும், வெளியே நிற்கிற எண்ணெய் மணலைப் பிடிக்க மட்டும்தான். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் ஸ்பிரே பக்கமே வரக் கூடாது. தட்டில் ஒரு திவலை பட்டால் பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு கத்த ஆரம்பிக்கும்.

நாற்பதுகம்பி:

கோணிப்போன சக்கரத்தில் பெண்டு எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் கம்பிச் சாவி. வட்டமாக, சுற்றிலும் ஏழெட்டு வெட்டு உள்ள சாவியை வாங்காதீங்க. கம்பியை ரிம்மில் பிடிக்கிற நிப்பிளின் அளவு 3.23, 3.30, 3.45 எம்எம் என்று வித்தியாசம் மயிரிழைதான், ஆனால் ஒரு அளவு பெரிய வெட்டைப் போட்டால் பித்தளை நிப்பிளின் நாலு மூலையும் போய்விடும். இருப்பதில் இறுக்கமாக உட்காருகிற வெட்டே சரியானது. சின்னதிலிருந்து தொடங்குங்க.

சக்கரம் வண்டியிலேயே இருக்கட்டும். ஃபோர்க் காலில் பிளாஸ்டிக் டேக் ஒன்றைக் கட்டி, முனை ரிம்மைத் தொடாமல் நூலளவு இடைவெளியில் நிற்கிற மாதிரி வெட்டுங்க. அதுதான் அளவுகோல். சுற்றும்போது ரிம் வலப்பக்கம் உரசினால், உரசுகிற இடத்தின் நடுவில் இடப்பக்கத்திலிருந்து வருகிற கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தணும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீங்க. டயர் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று இறுக்கம். சக்கரத்தின் அடியில் இருக்கிற நிப்பிளை மேலிருந்து பார்த்துக்கொண்டு திருப்புகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், பெண்டு எடுக்கப் போய் எட்டு போடுகிறவர்கள் எல்லாம் இங்கேதான் தடுமாறுகிறார்கள். துருப்பிடித்த நிப்பிள் என்றால் முந்தின ராத்திரியே ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். நிப்பிள் திரும்பும்போது கம்பியும் சேர்ந்து முறுக்கினால் நிறுத்துங்க, கம்பியைக் குறடால் மெல்லப் பிடித்துக்கொண்டு திருப்புங்க.

கியர்கணக்கு:

கேபிள் வேலைக்கு வெட்டுகிற டூல் ஒன்று தனியாக வேணும். சாதா கட்டிங் பிளேயரில் கியர் கம்பியை வெட்டினால் முனை துடைப்பம் மாதிரி விரியும், அப்புறம் உறைக்குள் போகாது. தாடை ஒன்றை ஒன்று சுற்றி மூடுகிற கேபிள் கட்டராக வாங்குங்க. உறையை வெட்டினதும் அரத்தால் முனையைச் சமப்படுத்தி, உள்ளே நசுங்கிய பிளாஸ்டிக் குழாயைக் கோணி ஊசியால் திறந்துவிடுங்க. கியர் சரியாக விழவில்லை என்று டிரெய்லரை (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுகிற கருவி) திருகிக்கொண்டே இருப்பவர்கள் இந்த முனையைப் பார்ப்பதே இல்லை. கியர் உறையை பிரேக்குக்குப் போடக் கூடாது. கியர் உறையில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் விசையில் பிளந்துவிடும்.

டிரெய்லரில் ஹெச், எல் என்று இருக்கிற இரண்டு திருகாணியும் கூட்டல் தலை என்றாலும் பெரும்பாலும் ஜப்பான் அளவு. சாதாரணத் திருப்புளி அதில் முழுசாக உட்காராமல் மேலே வழுக்கும். ஜேஐஎஸ் என்று போட்ட திருப்புளி ஒன்று இருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால் நன்றாக அழுத்திக்கொண்டு மெல்லத் திருப்புங்க.

எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டுகிற டார்க் ரெஞ்ச் வேணுமா என்றால், கார்பன் ஹேண்டில்பார், கார்பன் சீட் போஸ்ட் இருந்தால் கட்டாயம். 2 முதல் 24 நியூட்டன் மீட்டர் வரை அளக்கிறது போதும். அலுமினிய வண்டிக்கு இல்லாமலும் சமாளிக்கலாம், கணக்கு தெரிந்தால். ஸ்டெம் போல்ட்டின் 5 நியூட்டன் மீட்டர் என்றால், 10 சென்டிமீட்டர் கீயின் முனையில் 5 கிலோ எடை தொங்குகிற விசை. கேசட் லாக்ரிங்கின் 40 என்றால் 40 சென்டிமீட்டர் கைப்பிடியில் 10 கிலோ. மீன் தராசைக் கொக்கியில் மாட்டி ஒருமுறை இழுத்துப் பாருங்க, கைக்குப் பழகிவிடும்.

புதுமிதி:

ஸ்டாண்ட் வாங்க இடமும் இல்லை, காசும் இல்லை. கவிழ்த்து வைத்தே எல்லாம் பண்ணலாமா?

ஒத்தைச்செயின்:

பஞ்சருக்கு, பெண்டுக்குக் கவிழ்க்கலாம். ஆயில் டிஸ்க் என்றால் கவிழ்த்த பிறகு லீவரைப் பிடிக்காதே, தொட்டியில் நிற்கிற காற்றுக்குமிழி குழாய்க்குள் இறங்கி லீவர் பஞ்சு மாதிரி ஆயிடும். கியர் செட் பண்ண ஊஞ்சல் கொக்கி இருந்தால் அதுவே ஸ்டாண்ட். சீட்டுக்கு அடியில் ஒரு கயிறு, ஹேண்டிலுக்கு ஒரு கயிறு, பெடல் இடுப்பு உயரத்துக்கு வந்தால் போதும்.

பால்ரஸ்:

ஆயில் பிரேக் என்றதும் ஒன்று. ஷிமானோவுக்கு மினரல் ஆயில். வேறு சில கம்பெனிகளின் பிரேக்குக்கு டாட் ஆயில். லீவர் மூடி மேலேயே எழுதியிருக்கும், படித்துவிட்டுத்தான் ஆயில் மாற்றிக் காற்றை எடுக்கிற ப்ளீட் கிட் வாங்கணும். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் சீல் ஊதிப்போகும், லீவரையும், பேடை அழுத்துகிற காலிப்பரையும் சேர்த்தே மாற்ற வேண்டி வரும். டாட் ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றித் துடைங்க.